போனேனா, போயிருந்தேனா?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. சோலூரில் மூடுபனி இறங்கி, பாதைக்கு அப்பாலிருந்த முட்டைக்கோசுத் தோட்டமும் கண்ணுக்குத் தெரியாத வேளை. நம் இல்லத்தின் கதவை ஒரு மாணவி தட்டினாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவள். தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். தந்தை காரட் மூட்டை ஏற்றும் தொழிலாளி. சால்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கட்டுரை ஏட்டை மேசைமேல் விரித்தாள். சிவப்பு மையின் கோடுகள் பக்கம் முழுவதும் ஓடின.

கட்டுரை, விடுமுறை நாள் ஒன்றைப் பற்றியது. நேற்று ஊட்டிக்குச் சென்றதாகவும், அங்கே அத்தையைக் கண்டதாகவும், அத்தை ஒரு சால்வை கொடுத்ததாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சென்றதற்கு 'ஹேட் கான்', கண்டதற்கு 'ஹேட் மெட்', கொடுத்ததற்கு 'ஹேட் கிவன்'. மூன்று 'ஹேட்'டுகளையும் ஆசிரியை அடித்துவிட்டிருந்தார்.

"ஃபாதர், தமிழில் 'நேற்று ஊட்டிக்குப் போயிருந்தேன்' என்று சொல்வது சரிதானே? அதைத்தானே அப்படியே எழுதினேன்?" என்று கேட்டாள். சற்றுத் தயங்கி, "ஹேட் போட்டால் கொஞ்சம் உயர்ந்த இங்கிலீஷாக இருக்கும் என்றும் நினைத்தேன்" என்றாள்.

அந்த ஒப்புதல் நம்மைச் சிரிக்கவும் வைத்தது, சிந்திக்கவும் வைத்தது. ஏனெனில் இதே எண்ணத்தால் ஒரு காலத்தில் நாமும் ஒரு பெரும் பிழை செய்தோம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறொரு குடும்பத்தார். அந்தக் கதையைப் பின்னர் சொல்வோம். முதலில் மாணவியின் கேள்விக்கு விடை காண்போம்.

நம் இலக்கண ஆசிரியர்கள் காலத்தை மூன்றாக வகுத்தார்கள். தொல்காப்பியரும் மூன்று என்றார். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றே என்றார். ஆங்கிலப் பள்ளி இலக்கணமோ இறந்தகாலத்தை மட்டுமே நான்காகப் பிரித்துக் காட்டுகிறது. அவற்றுள் நம் பிள்ளைகளை மிகவும் மயக்குபவை இரண்டு. ஒன்று, 'வென்ட்', 'கேம்', 'கேவ்' என ஒரே சொல்லில் முடியும் சாதாரண இறந்தகாலம். மற்றொன்று, 'ஹேட்' என்னும் துணையோடு வரும் 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்'. இரண்டாவதை நம் வசதிக்காக முன்னிறந்தகாலம் என்று அழைப்போம். இறந்தகாலத்துக்கும் முந்திய இறந்தகாலம் என்பது பொருள்.

தமிழில் இதற்கு இணையாகத் தோன்றுவது 'இரு' என்னும் துணைவினை. போனேன் – போயிருந்தேன். வந்தார் – வந்திருந்தார். பூட்டினான் – பூட்டியிருந்தான். தோற்றத்தில் 'ஹேட்'டும் 'இருந்தேன்'உம் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கின்றன. ஆனால் இரண்டும் வேறு வேறு வீட்டில் பிறந்தவை. ஆங்கிலத்தின் 'ஹேட்' உடைமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழின் 'இரு' தங்குதலை, நிலைத்திருத்தலைக் குறிப்பது. 'போயிருந்தேன்' என்று நாம் சொல்லும்போது, போனதோடு நில்லாமல், போன நிலையில் சிறிது நேரம் இருந்ததையும் சேர்த்துச் சொல்லுகிறோம். போய், இருந்து, திரும்பியும் வந்துவிட்டோம் என்பது கேட்பவருக்குத் தானே விளங்குகிறது.

ஆகவேதான் திருமண வீட்டிலிருந்து திரும்பியவரிடம், "யார் யார் வந்திருந்தார்கள்?" என்று கேட்கிறோம். வந்தார்கள், அங்கே இருந்தார்கள் என்பதே நம் கருத்து. வேறு எந்த நிகழ்ச்சிக்கு முன்பு வந்தார்கள் என்பது நம் கேள்வி அன்று. இதை ஆங்கிலத்தில் கேட்க 'ஹு கேம்' என்பதே போதும். அங்கே 'ஹேட்' இட்டால், கேட்கும் ஆங்கிலேயர், "எதற்கு முன்னால்?" என்று காத்திருப்பார். நாமோ வாக்கியத்தை முடித்துவிட்டுக் காப்பியைக் கையில் எடுத்திருப்போம்.

இந்த "எதற்கு முன்னால்?" என்னும் கேள்வியே திறவுகோல். முன்னிறந்தகாலம் தனித்து நிற்காது. கடந்துபோன ஒரு நிகழ்ச்சியையோ நேரத்தையோ அடையாளக் கல்லாக நட்டு, அதற்கும் அப்பால் நடந்ததைச் சுட்டிக்காட்டுவதே அதன் வேலை. அடையாளக் கல் இல்லையேல் 'ஹேட்'டுக்கு அங்கே வேலை இல்லை.

சோலூருக்கு வரும் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். "நான் நிறுத்தத்தை அடைந்தபோது பேருந்து புறப்பட்டது." இவர் ஓடிப்போய்ச் சத்தம் போட்டிருந்தால் ஓட்டுநர் நிறுத்தியிருக்கவும் கூடும். "நான் நிறுத்தத்தை அடைந்தபோது பேருந்து புறப்பட்டிருந்தது." இவருக்குப் பேருந்தின் புகையும் கிடைக்கவில்லை, அடுத்த வண்டிக்காகக் குளிரில் காத்திருக்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் முன்னதற்கு 'த பஸ் லெஃப்ட்'; பின்னதற்கு 'த பஸ் ஹேட் லெஃப்ட்'. நிறுத்தத்தை அடைந்ததே இங்கே அடையாளக் கல். இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்துச் செல்கின்றன.

கை விலகும் இடம் வேறு. "நேற்று ஊட்டிக்குப் போயிருந்தேன்" என்று ஒருவர் சும்மா செய்தி சொன்னால், ஆங்கிலத்தில் அது 'வென்ட்'. நேற்று என்பது போன நாளே. போனதற்குப் பின்வந்த அடையாளக் கல் அன்று. ஆனால் அண்டை வீட்டார், "நேற்றுப் பத்து மணிக்கு உன்னைத் தேடி வந்தேன், கதவு பூட்டியிருந்ததே?" என்று கேட்க, அதற்கு விடையாக "ஊட்டிக்குப் போயிருந்தேன்" என்று சொன்னால், அங்கே 'ஹேட் கான்' முற்றிலும் பொருந்தும். அவர் வந்த பத்து மணி அடையாளக் கல். போனது அதற்கு முன். தமிழ் வாக்கியம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆங்கிலமே இரண்டாகப் பிரிகிறது. நம் மாணவி வழுக்கி விழுந்த இடம் இது. அவள் மட்டும் அன்று. படித்துப் பட்டம் பெற்றுப் பெரிய அலுவலகங்களில் இருப்போரும் இந்த இடத்தில் வழுக்குவதை அன்றாடம் கேட்கிறோம்.

இனி நம் கதை.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். இம்மலையின் வேறொரு பகுதியில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். ஒருநாள் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மனைவி நம்மைத் தேடி வந்தார். கணவர் மழைநாளில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தபோது மேட்டு மண் சரிந்து அவருடைய கால் முறிந்துவிட்டது. இழப்பீடு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்றார். குருமடத்தில் இலத்தீனும் ஆங்கிலமும் கற்றவர் என்று நம்மைப் பற்றி யாரோ பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெருமை நமக்கும் கொஞ்சம் இருந்தது.

அவர் அழுதுகொண்டே சொன்னவற்றுள் ஒரு வாக்கியம் இது: "மண்வெட்டியை அன்றைக்கே ஸ்டோரில் ஒப்படைத்திருந்தார்கள், சாமி." ஏன் அதைச் சொன்னார்? கருவி தொலைந்ததாகக் கணக்கெழுதி, கூலியில் பிடித்துவிடுவார்களோ என்ற அச்சம். உண்மையில் நடந்தது இதுதான். பிற்பகல் மூன்றரை மணிக்கு மண் சரிந்தது. உடன் வேலை செய்தோர் அவரைத் தோண்டி எடுத்துத் தூக்கிச் சென்றார்கள். அவர்களுள் ஒருவர் மாலையில் மண்வெட்டியைப் பொறுக்கிக் கொண்டுபோய் ஸ்டோரில் கொடுத்தார். அம்மையார் 'ஒப்படைத்திருந்தார்கள்' என்றது அந்த நண்பரின் செயலை. நாமோ, மரியாதைப் பன்மையாகக் கணவரைத்தான் சொல்லுகிறார் என்று எடுத்துக்கொண்டோம். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. மண் சரிந்தபோது அவர் கருவியை ஒப்படைத்திருந்தார் என்று, கம்பீரமான 'ஹேட்' ஒன்றை இட்டு எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பினோம்.

சில வாரங்களில் மறுமொழி வந்தது. மனுதாரர் தரப்பின் சொந்தக் கூற்றுப்படியே, மண் சரியும் முன்பே தொழிலாளி கருவியை ஒப்படைத்து வேலையை முடித்துவிட்டார். ஆகவே இது வேலையின்போது நேர்ந்த விபத்து அன்று என்பது அதன் சாரம்.

அந்நாளில் நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்திருக்க வேண்டும். வேலை முடிந்தது முன்னா, விபத்து முன்னா என்பதே பல வழக்குகளின் உயிர்நிலை. சௌராட்டிரப் பகுதியில் உப்பளத் தொழிலாளர் சிலர் வேலை முடித்துத் திரும்புகையில் படகு கவிழ்ந்து மாண்டனர். வேலையிடத்துக்கு வெளியிலும் சில வேளைகளில் வேலையின் எல்லை சிறிது நீளக்கூடும் என்பதை ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம், அந்தப் படகுப் பயணம் அவ்வெல்லைக்குள் வராது என்று 1958-இல் தீர்ப்பளித்தது. கண்ணீர் ஒன்றே, ஆனால் வேலையை விட்டு அகன்றதற்கு முன் நிகழ்ந்ததா, பின் நிகழ்ந்ததா என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. இவ்வளவு கனமான கேள்வியின்மேல் நாம் நம் 'ஹேட்'டை விளையாட்டாக எறிந்துவிட்டிருந்தோம்.

அம்மையார் மறுமொழியை எடுத்துக்கொண்டு வந்து, "நான் சொன்னதைத்தானே சாமி எழுதினீர்கள்?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் நம் காதில் இருக்கிறது. அவர் சொன்ன சொல்லை எழுதினோம். அவர் சொன்ன முன்பின்னை எழுதவில்லை.

பிறகு மேஸ்திரியைக் கண்டோம். செக்ரோல் புத்தகத்தில் அன்று அவருக்கு எந்த வேலை, எத்தனை மணிவரை என்று எழுதியிருந்ததைக் காட்டச் சொன்னோம். மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தவரிடமே வாக்குமூலம் பெற்றோம். இரண்டாவது மனுவில் அலங்காரம் ஒன்றும் இல்லை. மூன்றரை மணிக்கு மண் சரிந்தது. கால் முறிந்தது. நண்பர்கள் அவரைத் தூக்கிச் சென்றார்கள். ஐந்து மணிக்கு ஒரு நண்பர் மண்வெட்டியை ஒப்படைத்தார். எல்லாம் சாதாரண இறந்தகாலம். ஒரே ஒரு 'ஹேட்' மட்டும் இட்டோம்: மண் சரிந்தபோது அவர் வேலையை முடித்திருக்கவில்லை, 'ஹேட் நாட் ஃபினிஷ்ட்' என்று. அந்த ஒன்று மனுவைத் தாங்கும் தூணாக நின்றது. பணம் கிடைத்தது. ஆனால் முதல் மனுவினால் எட்டு மாதம் வீணாயிற்று. அந்த எட்டு மாதமும் அந்த வீட்டில் அடகுச் சீட்டுகளே வளர்ந்தன.

இதனை மாணவியிடம் சொன்னபோது அவள் சிவப்புக் கோடுகளை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நான்கு குறிப்புகளை உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்காகவும் இங்கே தருகிறோம்.

முதலாவது, நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொன்னால் 'ஹேட்' வேண்டாம். அவள் ஊட்டிக்குப் போனாள், அத்தையைக் கண்டாள், சால்வை பெற்றாள். வரிசையே முன்பின்னைச் சொல்லிவிடுகிறது. 'வென்ட்', 'மெட்', 'கேவ்' போதும்.

இரண்டாவது, வரிசையை மாற்றிப் பின்னே திரும்பிப் பார்க்கும்போது 'ஹேட்' வேண்டும். "அத்தை சால்வை கொடுத்தார். அதை அவரே பின்னியிருந்தார்." பின்னியது கொடுத்ததற்கு முன், ஆனால் சொல்வதோ பின். கதை பின்னோக்கித் திரும்பும் இந்த வளைவில் 'ஹேட்' ஒரு வழிகாட்டிப் பலகை. ஒருமுறை திரும்பியது தெரிந்தபின், ஒவ்வொரு வினைக்கும் பலகை நட வேண்டியதில்லை.

மூன்றாவது, 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்னும் சொற்கள் வாக்கியத்தில் இருந்தால், முன்பின் அவற்றாலேயே விளங்கிவிடும். அங்கே 'ஹேட்' இட்டாலும் பிழையன்று, இடாவிட்டாலும் பெரும்பாலும் பிழையன்று. 'வென்' என்னும் சொல் வரும்போதுதான் எச்சரிக்கை தேவை. அச்சொல் முன்பின் சொல்லாது. அதைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் வினையின் தலையில் விழுகிறது. பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது. "ஊட்டிக்குப் போனேன்" என்று ஒருவர் சொன்னதை, அவர் போனதாகச் சொன்னார் என்று நாம் பிறருக்கு உரைக்கையில், சொன்ன நேரம் அடையாளக் கல்லாகிறது. போனது அதற்கு முன். ஆகவே அங்கே 'ஹேட் கான்' வருவது இயல்பு.

பிற மொழியை நம் மொழியின் அச்சில் வார்க்க முயல்வது நம் பிள்ளைகளின் குற்றம் மட்டும் அன்று. பேரறிஞரும் அதைச் செய்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்ரிக்கு அன்ரிக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழில் அச்சிட்டவர் என்பதை அறிவோம். அவர் போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். தாம் கற்றிருந்த இலத்தீன் இலக்கணத்தின் சட்டத்துக்குள் நம் வினைகளை அடுக்கிப் பார்த்தார். இலத்தீனில் முன்னிறந்தகாலத்துக்குத் தனி வடிவம் உண்டு. அதன் பெயரின் பொருள், 'முற்றுப்பெற்றதற்கும் மேற்பட்டது' என்பதாகும். குருமடத்தில் அந்த வாய்பாட்டை நாம் ஒப்பித்ததுண்டு. நமக்கோ அதற்கு ஒற்றைச் சொல் இல்லை. ஒரு வினையெச்சமும் 'இரு' என்னும் துணையும் சேர்ந்தே அப்பொருளைத் தருகின்றன. அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் பேச்சுத் தமிழை அதன் போக்கிலேயே கவனித்து, கொடுந்தமிழுக்கு இலத்தீனில் 1728-இல் ஓர் இலக்கணம் செய்தார். வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசுவதைக் காதால் கேட்டுக் கற்பதன் பயனை அவர் அறிந்திருந்தார். ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் அதுவே வழி.

திருநூலிலும் இந்த முன்பின் சிக்கல் உண்டு. யோவான் நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில், அன்னா இயேசுவைக் கட்டிய நிலையில் கயபாவிடம் அனுப்பிய செய்தி 24-ஆம் வசனத்தில் வருகிறது. அதற்கு முன்னுள்ள வசனங்களில் தலைமைக் குரு அவரை விசாரிக்கிறார். விசாரித்தவர் அன்னாவா, கயபாவா? கிரேக்க மூலத்தில் உள்ளது சாதாரண இறந்தகாலமே. 1611-இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே முன்னிறந்தகாலத்தை இட்டது. அப்படி இட்டால், அனுப்பியது விசாரணைக்கு முன். ஆகவே விசாரித்தவர் கயபா ஆகிறார். இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவும் சாதாரண இறந்தகாலத்தைக் கொள்ள, விசாரித்தவர் அன்னா ஆகிறார். ஒரு சிறு 'ஹேட்' ஓர் இரவின் நிகழ்ச்சி வரிசையையே மாற்றி வைக்கிறது. மொழிபெயர்ப்போர் ஏன் ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் வாதாடுகிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

நம் வீடுகளுக்குள்ளும் இது நடவாமல் இல்லை. கணவன் மனைவியரிடையே, அண்ணன் தம்பியரிடையே எழும் பிணக்குகளைக் கேட்க அமரும்போது நாம் காண்பது என்ன? நடந்தவை எவை என்பதில் இரு தரப்பாருக்கும் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. எது முன், எது பின் என்பதிலேயே வேறுபாடு. "அவர் கோபித்தபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன்" என்கிறார் ஒருவர். "அவள் பேசாமல் இருந்ததால்தான் கோபித்தேன்" என்கிறார் மற்றவர். பொறுமையோடு, "எதற்கு முன்னால்?" என்று கேட்டுக்கொண்டே போனால், முக்கால் பிணக்கு அங்கேயே தணிந்துவிடும். அன்று அந்த அம்மையாரிடம் நாம் கேட்கத் தவறிய கேள்வியும் அதுவே.

ஆகவே பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பிள்ளைகளுக்கு இதில் துணை செய்ய முடியும். இரவு உணவின்போது, அன்று நடந்ததை வரிசையாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். குழம்பும் இடத்தில், "அதற்கு முன் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தாய்மொழியில் முன்பின் தெளிந்த பிள்ளைக்கு அயல்மொழியிலும் அது தெளியும். ஆங்கிலத்தில் மனுவோ கடிதமோ பிறரைக்கொண்டு எழுதுவிப்போர், எழுதியதைத் தமிழில் ஒருமுறை திருப்பிச் சொல்லக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். எழுதித் தருவோரும் அதைச் சலிப்பின்றிச் செய்வது கடமை.

மாணவி மறுவாரம் வந்தாள். கட்டுரையைத் திருத்தி எழுதியிருந்தாள். பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு 'ஹேட்'. அத்தை சால்வையைத் தாமே பின்னியிருந்தார் என்னும் இடத்தில். ஆசிரியை அதன் பக்கத்தில் சிவப்பு மையால் சரி என்று குறியிட்டிருந்தார்.